ராஜ்கோட்டில் 82 அடித்த ஹசீப் ஹமீதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

கேள்வி இதுதான். 2016 நவம்பரில் இந்தியா வந்த இங்கிலாந்து அணியில் 19 வயது ஓப்பனர் ஒருவர் அஸ்வினையும் ஜடேஜாவையும் பதற்றமே இல்லாமல் ஆடினார். இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் அலஸ்டர் குக்குக்கு ஜோடி கிடைத்துவிட்டது, இனிப் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று எழுதினார்கள். இரண்டே வருஷத்தில் அவருக்கு உள்நாட்டுக் கவுண்டி ஆட்டத்தில்கூட ரன் வரவில்லை, காணாமலே போனார். அது எப்படி?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில் வரும். ஒன்று, மனசு உடைந்துவிட்டது. இன்னொன்று, பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக் கெடுத்தன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுமே மட்டை, பந்து, பிட்ச், ஆட்ட அட்டவணை எதையும் தொடாத பதில்கள். ஹமீது விஷயத்தில் பார்க்கவேண்டியது அவருடைய கைகளை. ராஜ்கோட்டில் அவரைக் காப்பாற்றியதும் கைதான், மொகாலியில் உடைந்ததும் கைதான், ஐந்து வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் மாட்டிக்கொண்டதும் கைதான்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடலாம். பிறந்தது 1997 ஜனவரி 17, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள போல்டனில். குடும்பம் குஜராத்திலிருந்து போனது. அப்பாதான் முதல் பயிற்சியாளர். இங்கிலாந்தில் கவுண்டி என்பது நம் ரஞ்சி அணி மாதிரி, மொத்தம் 18. ஒவ்வொன்றும் சின்ன வயதிலிருந்தே வயதுவாரியாக அணிகள் வைத்துப் பையன்களைப் பொறுக்கும். அதில் தேறியவர்கள் அகாடமிக்குப் போவார்கள், பிறகு கவுண்டியின் இரண்டாம் அணி, பிறகு முதல் அணி. ஹமீது இந்த ஏணியில் லங்காஷர் பக்கம் ஏறியவர். 2015 கோடையின் பின்பகுதியில் முதல் அணிக்கு வந்துவிட்டார். அப்போது வயது 18.

அந்த லங்காஷரின் மைதானம் ஓல்ட் டிராஃபோர்ட். இங்கிலாந்தில் சுழல் எடுக்கும் மைதானங்கள் சொற்பம். அவற்றில் இது ஒன்று. இங்கிலாந்துப் பையன் ஒருவன் ராஜ்கோட்டில் வந்து இறங்கி அஸ்வினின் கையைப் பார்த்து ஆடினான் என்றால், அதில் ஒரு பங்கு அந்தக் காய்ந்த பிட்சுக்கும் உண்டு.

2016 பருவம்தான் பெயர் வாங்கித் தந்தது. கவுண்டி சாம்பியன்ஷிப்பில் 1,198 ரன், சராசரி 50ஐ ஒட்டி, 4 சதம். அதில் இரண்டு ஒரே ஆட்டத்தில் வந்தவை. எதிரணி யார்க்‌ஷர், 2014, 2015 இரண்டு வருஷமும் தொடர்ந்து கோப்பை வாங்கிய அணி. ரோஸஸ் ஆட்டம் என்று அதற்குத் தனிப் பெயர், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பகை. ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டில் 114, ஆட்டமிழக்காமல் 100. ரோஸஸ் ஆட்டம் ஒன்றில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்த முதல் லங்காஷர்காரர் அவர்தான்.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 2016இல் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் டாஸ் விதியை மாற்றினார்கள். வெளியூர் அணி விரும்பினால் டாஸே போடாமல் நேராகப் பந்துவீச்சை எடுத்துக்கொள்ளலாம். காரணம் எளிது. உள்ளூர் அணிகள் புல்லை விட்டுவைத்துப் பச்சைப் பிட்ச் போட்டு, மித வேகத்தில் 75 மைல் போடுகிறவர்களை வைத்தே 200 ரன்னுக்குள் ஆட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். இனி பச்சையாகப் போட்டால் வந்தவன் முதலில் வீசுவான் என்ற பயத்தில் அந்த வருஷம் பிட்சுகள் கொஞ்சம் வெளுத்தன. அதோடு, டி20 ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் சிதறிக் கிடந்ததால் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று வெயில் மாதங்களிலும் நடந்தன. முதல் பிரிவில் ஆளுக்கு 16 ஆட்டம். பொறுமையாக நின்று ஆடும் ஓப்பனருக்கு இதைவிட நல்ல வருஷம் அமையாது. ஹமீதின் திறமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை; அதே வருஷம் அதே பிட்சில் மற்றவர்களும்தான் ஆடினார்கள், நாலு சதம் எல்லோருக்கும் வரவில்லை. ஆனால் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வருஷத்தின் சூழல் முக்கியம்.

இங்கிலாந்து அணியின் அன்றைய நிலைமையும் அவருக்குக் கதவைத் திறந்தது. 2012இல் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் ஓய்வு பெற்றதிலிருந்து அலஸ்டர் குக்குக்கு நிலையான ஜோடி இல்லை. காம்ப்டன், ரூட், கார்பெர்ரி, ராப்சன், டிராட், லித், மொயீன் அலி, ஹேல்ஸ், டக்கெட் என்று ஒன்பது பேரை வைத்துப் பார்த்துவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி ஹேல்ஸ் வங்கதேசப் பயணத்துக்கு வர மறுத்ததால் அந்த இடம் காலியானது. வங்கதேசத்தில் டக்கெட்டைத் தொடக்கத்தில் ஆடவிட்டார்கள். இந்தியா வந்ததும் டக்கெட்டை நாலாம் இடத்துக்கு இறக்கி, ஹமீதைக் குக்கோடு அனுப்பினார்கள். பத்தாவது ஜோடி. 2016 நவம்பர் 9, ராஜ்கோட். வயது 19 வருஷம் 297 நாள். இங்கிலாந்துக்காக முதல் டெஸ்டிலேயே தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர்களில் அவர்தான் வயதில் சிறியவர். அதுவும் அப்பாவின் சொந்த மாநிலத்தில்.

முதல் இன்னிங்ஸில் 31, இரண்டாவதில் 177 பந்தில் 82. குக்கோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 180. எண்களை விட அந்த 82இன் ஆட்டமுறைதான் பார்க்கத் தகுந்தது.

அஸ்வின் ஆஃப் பிரேக், அதாவது வலது கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்பும் பந்து போடுகிறார் என்று வையுங்கள். ஷார்ட் லெக்கில் ஒருவர், லெக் ஸ்லிப்பில் ஒருவர். வலது கை ஆட்டக்காரர் கீழ்க்கையை, அதாவது கைப்பிடியில் கீழே இருக்கும் வலது கையை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து தடுத்தால், பந்து மட்டையின் உள்விளிம்பிலோ கையுறையிலோ பட்டு நேராக ஷார்ட் லெக் கையில் போய் உட்காரும். நம் தெருவில் 'டொக்கு வைக்கிறது' என்று சொல்வோமே, அதில் இரண்டு வகை. மட்டையைப் பந்தை நோக்கித் தள்ளுவது ஒன்று. பந்து வந்து மட்டையில் விழும்படி விடுவது இன்னொன்று. ஹமீது இரண்டாவது வகை. கீழ்க்கையில் இரண்டு விரலும் கட்டைவிரலும் மட்டுமே பிடித்திருக்கும் அளவுக்குத் தளர்வு. பந்து பட்டதும் மட்டை லேசாகப் பின்னால் போகும். பந்து அவர் காலடியிலேயே செத்து விழும். ஷார்ட் லெக் எவ்வளவு நெருங்கி நின்றாலும் கேட்ச் கிடைக்காது.

காலும் அப்படித்தான். ஒன்று பந்து விழும் இடம் வரைக்கும் முழுசாக முன்னால். இல்லையென்றால் கிரீஸுக்குள் ஆழமாகப் பின்னால். நடுவில் நிற்பது கிடையாது. சுழலுக்கு எதிராக ஆட்டமிழக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த நடு இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அந்தத் தொடரில் டிஆர்எஸ் (நடுவரின் முடிவைத் திரையில் மறுபடி பார்க்கக் கேட்கும் முறை) வேறு இருந்தது. காலை நீட்டி மட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆடும் பழைய தந்திரம் அதில் எடுபடாது. மட்டை காலுக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும். ஹமீதின் மட்டை வந்தது. டக்கெட்டுக்கு வரவில்லை, ராஜ்கோட், விசாகப்பட்டினம் இரண்டிலும் அஸ்வினிடம் திணறி இடத்தை இழந்தார். இந்த டக்கெட்டை மறந்துவிடாதீர்கள்; கடைசியில் திரும்ப வருவார்.

விசாகப்பட்டினத்தில் 405 இலக்கு. ஜெயிக்க வழியில்லை, ஒன்றரை நாள் நின்றாக வேண்டும். குக்கும் ஹமீதும் 50 ஓவருக்கு மேல் விக்கெட் கொடுக்காமல் 75 ரன் எடுத்தார்கள். ஹமீது 144 பந்தில் 25. கடைசியில் அஸ்வினின் பந்து ஒன்று தரையோடு தவழ்ந்து வந்து எல்பிடபிள்யூ. அதற்கு எந்தக் கையும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த ஜோடி பிரிந்ததும் மீதி அணி 83 ரன்னுக்குள் கவிழ்ந்தது.

அந்த 25ஐ எல்லோரும் மெச்சினார்கள். மெச்சத்தான் வேண்டும். ஆனால் பின்னால் வந்த சிக்கலின் முதல் அறிகுறியும் அதில்தான் இருக்கிறது. 144 பந்தில் தப்பான பந்து குறைந்தது இருபது வந்திருக்கும். அவற்றைத் தண்டிக்கும் அடிகள் அவரிடம் போதுமான அளவு இல்லை. குக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 மார்ச்சில் நாக்பூரில் 21 வயதில் அறிமுகமாகி 60, ஆட்டமிழக்காமல் 104 எடுத்தார். அவருக்கு மொத்தம் மூன்றே அடிகள் என்று கிண்டல் செய்வார்கள்: கட், புல், இடுப்புயரப் பந்தைக் காலோடு திருப்பிவிடுவது. ஆனால் மூன்றுமே பின்காலில் அடிக்கும் அடிகள். பந்துவீச்சாளர் ஒரு அடி குட்டையாகப் போட்டால் போதும், நாலு ரன். அதற்குப் பயந்து முன்னால் போடுவார். முன்னால் போட்டால் குக் தடுத்துவிடுவார். இப்படிப் பந்து விழும் இடத்தை ஆட்டக்காரரே தீர்மானிப்பதுதான் ஓப்பனரின் தொழில் ரகசியம். ஹமீதுக்கு ரன் வந்தது பெரும்பாலும் முன்னால் விழுந்த பந்தில். குட்டையாகவோ, நடுத்தர நீளத்திலோ தொடர்ந்து போட்டால் தடுப்பார், விடுவார். ஆனால் அந்த நீளத்திலிருந்து பந்துவீச்சாளரைக் கிளப்ப மாட்டார். இந்தியாவில் பந்து பாதி நேரம் சுழல், எழும்புவதும் குறைவு. அதனால் அது வெளியே தெரியவில்லை.

மூன்றாவது டெஸ்ட் மொகாலியில், நவம்பர் 26 தொடக்கம். முதல் இன்னிங்ஸில் உமேஷ் யாதவின் பந்து ஒன்று நல்ல நீளத்திலிருந்து சட்டென்று எகிறி, கையில் பட்டு கல்லிப் பக்கம் ரஹானேயிடம் போனது. 9 ரன். இடது கைச் சுண்டுவிரல் எலும்பு முறிவு. அதனால் இரண்டாவது இன்னிங்ஸில் ரூட்டைக் குக்கோடு தொடக்கத்தில் அனுப்பினார்கள். ஹமீது எட்டாவதாக இறங்கி, உடைந்த விரலோடு 156 பந்து நின்று, ஆட்டமிழக்காமல் 59. கடைசியில் ஆண்டர்சனை மறுமுனையில் வைத்துக்கொண்டு தூக்கி அடிக்கவும் செய்தார். இந்தியா 8 விக்கெட்டில் ஜெயித்தது. எதிரணிக் கேப்டன் கோலியே பையனைப் பாராட்டினார். தொடரில் மொத்தம் 6 இன்னிங்ஸ், 219 ரன், சராசரி 43.80.

அத்தோடு ஊருக்குப் போய் அறுவை சிகிச்சை. விரலில் தகடு வைத்தார்கள். அவருக்குப் பதிலாக வந்த கீட்டன் ஜென்னிங்ஸ் மும்பையில் முதல் ஆட்டத்திலேயே 112 அடித்தார். சேப்பாக்கத்தில் கருண் நாயர் 303 அடித்த அந்தக் கடைசி டெஸ்டிலும் ஜென்னிங்ஸ்தான் குக்கோடு நின்றார். 103க்கு விக்கெட் இழப்பில்லாமல் இருந்தவர்கள் 207க்குச் சுருண்டதை நம்மூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது சரிவு. மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்தது.

விரலை முதலில் வைத்துக்கொள்வோம். வலது கை ஆட்டக்காரருக்கு இடது கைதான் மேல்கை. மட்டை நேராக வருவதும், முகம் திரும்பாமல் இருப்பதும் மேல்கையின் வேலை. சுண்டுவிரல் சின்னது என்று நினைக்கிறோம். கைப்பிடியை உள்ளங்கையோடு அழுத்திப் பூட்டுவதில் அதற்கும் மோதிரவிரலுக்கும்தான் பெரிய பங்கு. விறகு வெட்டுகிறவரைக் கேளுங்கள், சுண்டுவிரல் புண்ணானால் கோடாலி கையில் சுழலும் என்பார். தகடு வைத்த விரல் எலும்பு ஒன்றிரண்டு மாதத்தில் கூடிவிடும். மூட்டுகள் பழையபடி மடங்குவதற்குத்தான் காலம் பிடிக்கும். மேல்கை பலவீனமானால் கீழ்க்கை தானாக இறுகும். ஹமீதின் ஆட்டமே கீழ்க்கை தளர்வில் நின்றது. ஆனாலும் நான் விரலை மூன்றில் கடைசிக் காரணமாகத்தான் வைப்பேன். எலும்பு முறிந்து திரும்பி வந்து ரன் அடித்தவர்கள் எத்தனையோ பேர்.

பெரிய காரணம் அட்டவணை. 2017இல் கவுண்டி அமைப்பை மாற்றினார்கள். முதல் பிரிவில் அணிகள் 8 ஆயின, ஆட்டங்கள் 14 ஆயின. டி20 ஆட்டங்களை ஜூலை, ஆகஸ்டில் ஒரே கட்டாக வைத்தார்கள். விளைவு, நாலு நாள் ஆட்டங்கள் ஏப்ரல், மே, செப்டம்பர் பக்கம் தள்ளப்பட்டன. டி20 அணியில் இடமில்லாத ஓப்பனருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஏப்ரல் குளிரில் புதுப் பந்தை ஆட வேண்டும். வெயில் வந்து பிட்ச் காய்ந்து மட்டைக்கு நல்லதாகும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபடி செப்டம்பர் பனி ஈரத்தில் புதுப் பந்து. தப்புத் தப்பாக ஆடிப் போன கையைச் சரிசெய்துகொள்ள ஒரு தட்டையான பிட்சில் முழு நாள் நிற்கும் வாய்ப்பே இல்லை.

ஏப்ரல் மாதத்து டியூக்ஸ் பந்து என்ன செய்யும் என்பதையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். டியூக்ஸ் கையால் தைத்த பந்து, ஆறு வரிசைத் தையல். தையல் மேட்டாக நிற்கும், சீக்கிரம் அமுங்காது. ஆஸ்திரேலியாவின் கூக்கபராவில் அந்த மேடு இருபது ஓவரில் தணிந்துவிடும்; டியூக்ஸில் நாற்பது, ஐம்பது ஓவர் வரைக்கும் இருக்கும். ஈரப் பிட்சில் தையல் தரையைக் குத்தினால் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது போட்டவருக்கே தெரியாது. ஒரே நீளம், ஒரே கோடு, ஒரே கை அசைவு. ஒன்று உள்ளே வந்து காலைத் தேடும், அடுத்தது வெளியே போய் விளிம்பைத் தேடும். எவ்வளவு நல்ல தடுப்பாட்டம் இருந்தாலும் நாற்பது, ஐம்பது பந்துக்கு ஒருமுறை ஆட முடியாத பந்து ஒன்று வந்தே தீரும். அதற்குள் நீங்கள் எத்தனை ரன் சேர்த்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஐம்பது பந்துக்கு 30 ரன் சேர்க்கிறவர் 30இல் ஆட்டமிழப்பார். பருவ முடிவில் சராசரி 30 என்று காட்டும், வண்டி ஓடும். ஐம்பது பந்துக்கு 10 ரன் சேர்க்கிறவர் அதே பந்தில், அதே தவறு இல்லாமல், 10இல் ஆட்டமிழப்பார்.

ஹமீதின் 2018 அப்படியே இந்தக் கணக்குத்தான். சாம்பியன்ஷிப்பில் 165 ரன், சராசரி 9.70. லங்காஷர் அந்த வருஷம் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. மூன்றாவது காரணம் இங்கேதான் நுழைகிறது: சரிசெய்யப் போய்க் கெடுத்துக்கொள்வது. 2017இலேயே ரன் வரவில்லை, ஒரு சாம்பியன்ஷிப் சதம்கூட இல்லை. ரன் வராத ஓப்பனர் முதலில் கை வைப்பது தன் நிற்கும் முறையில். கால் இடைவெளி, முதல் அசைவு, மட்டையைத் தூக்கும் உயரம். ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடம் மாறும். 2016 காணொளியையும் 2018ஐயும் அடுத்தடுத்துப் பார்த்தால் பந்து கையை விட்டு வரும்போது அவர் தலையும் கையும் ஒரே இடத்தில் நிற்காதது கண்ணில் படும். மட்டையாளர் யோசிக்க வேண்டிய ஒரே விஷயம் பந்து. இவர் தன் கையை யோசித்துக்கொண்டிருந்தார்.

மனசு என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தான் என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தொடங்கிய இடம் மனசு இல்லை. இங்கிலாந்தில் வளரும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஓவர்தான் என்று வயதுவாரியாக வரம்பு இருக்கிறது. முதுகெலும்பு முறியாமல் இருக்க. 19 வயது மட்டையாளருக்கு அப்படி எந்த வேலியும் கிடையாது. டெஸ்டிலிருந்து நேராக ஏப்ரல் பிட்சுக்கு அனுப்பிவிட்டு, ரன் அடித்துத் திரும்பி வா என்பார்கள்.

2019 ஏப்ரலில் லார்ட்ஸில் மிடில்செக்ஸுக்கு எதிராக 117. 2016 ஆகஸ்டுக்குப் பிறகு முதல் சாம்பியன்ஷிப் சதம். வந்துவிட்டார் என்று நினைத்தார்கள், நிலைக்கவில்லை. அந்தப் பருவத்தோடு லங்காஷர் அவரை விடுவித்தது. 22 வயதில், ஏறிய ஏணியை விட்டே இறங்க வேண்டியதாயிற்று.

நாட்டிங்கம்ஷர் எடுத்துக்கொண்டது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் பீட்டர் மூர்ஸ். லங்காஷரில் ஹமீது பையனாக இருந்த காலத்தில் அங்கே பயிற்சியாளராக இருந்தவர். நல்ல நிலையில் இருந்தபோது அந்தக் கை எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவர். சரிந்த ஆட்டக்காரருக்கு இது பெரிய வசதி. புதுப் பயிற்சியாளர் இப்போது இருப்பதைப் பார்த்துத் திருத்துவார். பழையவர் முன்பு இருந்ததை நினைவுபடுத்துவார். 2021இல் வூஸ்டர்ஷருக்கு எதிராக 111, ஆட்டமிழக்காமல் 114. ஜூலையில் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் கவுண்டி கூட்டணிக்காக இந்தியர்களுக்கு எதிராக 112. (வாஷிங்டன் சுந்தர் எதிரணிக்கு ஆடி விரலில் காயம்பட்ட பயிற்சி ஆட்டம் அதுதான். கவுண்டி அணிக்கு ஆள் பற்றாததால் சுந்தரையும் அவேஷ் கானையும் அந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருமே காயம்பட்டுத் தொடரை விட்டுப் போனார்கள்.)

அந்தச் சதம் அவரை டெஸ்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. லார்ட்ஸ், 2021 ஆகஸ்ட். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் பந்து. சிராஜ் நேராகப் போட்டார், கிளீன் போல்டு. முந்தைய பந்தில் ஓப்பனர் சிப்லி ஆட்டமிழந்திருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 9. அடுத்து ஹெடிங்லியில் சிப்லியை நீக்கிவிட்டு ஹமீதைத் தொடக்கத்தில் விட்டார்கள். இந்தியா 78க்குச் சுருண்ட ஆட்டம் அது. இன்னொரு ஓப்பனர் பர்ன்ஸோடு 135 ரன் கூட்டு, ஹமீது 68. ஓவலில் 0, பிறகு 63. இரண்டு அரைசதத்திலும் கடைசியில் ஜடேஜாதான் கிளீன் போல்டு ஆக்கினார். எழுந்த பாராட்டில் யாரும் அதிகம் பேசாத விஷயம், இரண்டும் ஏறத்தாழ 190 பந்துகளுக்கு மேல் எடுத்த ஆட்டங்கள். ஓட்ட வேகம் 2016இல் இருந்த இடத்திலேயே நின்றது.

அந்த வேகத்தோடும், இன்னொரு குறையோடும் ஆஸ்திரேலியா போனார். அந்தக் குறை கையின் உயரம். பந்துவீச்சாளர் பந்தை விடும் நேரத்தில் பெரும்பாலான ஆட்டக்காரர்களின் கைகள் வயிற்றுயரத்துக்கு வந்து, மட்டை பின்னால் தயாராக நிற்கும். ஹமீதின் கைகள் தொடையருகே தாழ இருந்தன. மெதுவான பிட்சில் இது ஒரு குறையே இல்லை. பந்து முழங்கால் உயரத்துக்குத்தான் வரும், கை தாழ இருந்தால் தாமதமாகவும் ஆடலாம். பிரிஸ்பேனில் நல்ல நீளத்திலிருந்து பந்து இடுப்புக்கு மேலே வரும், 140 கிலோமீட்டரில். தாழ இருக்கும் கையை அந்த உயரத்துக்குத் தூக்கி, பிறகு மட்டையை இறக்க வேண்டும். இரண்டு வேலைக்கு நேரம் இல்லை. மட்டை பாதி வழியில் பந்தைச் சந்திக்கும்; மேல் விளிம்போ வெளி விளிம்போ படும்; ஆஸ்திரேலியக் கீப்பர் கேரி பின்னால் காத்திருப்பார். பிரிஸ்பேனில் 25, 27. அதுதான் உச்சம். அடுத்த மூன்று டெஸ்டில் 6, 0, 0, 7, 6, 9. எட்டு இன்னிங்ஸில் 80 ரன். பெரும்பாலும் கீப்பர், ஸ்லிப் கேட்சுகள். பயணத்தின் தொடக்கத்தில் தனிமைப்படுத்தல், மழையில் கரைந்த பயிற்சி ஆட்டங்கள் என்று தயாரிப்பும் சரியில்லை என்பது உண்மை. ஆனால் பயிற்சி ஆட்டம் நடந்திருந்தால் கை இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஹோபார்ட்டில் இடம் போனது. மொத்தம் 10 டெஸ்ட், 439 ரன்.

காணாமல் போனார் என்று கேள்வியில் இருப்பது மட்டும் சரியில்லை. 2022இலிருந்து கவுண்டியில் அவர் வேறு ஆட்டக்காரர். கை உயர்ந்தது, குட்டைப் பந்தை விடாமல் அடிக்கத் தொடங்கினார், ரன் வேகம் கூடியது. அந்த வருஷம் நாட்டிங்கம்ஷர் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. 2024இல் ஹமீது கேப்டன் ஆனார். 2025இல் 1,200 ரன்னுக்கு மேல் குவித்து, மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பையை வைத்திருந்த சர்ரேயிடமிருந்து சாம்பியன்ஷிப்பைப் பறித்தார். நாட்டிங்கம்ஷருக்கு 2010க்குப் பிறகு முதல் கோப்பை. அப்போது அவருக்கு வயது 28தான்.

டெஸ்டுக்கு ஏன் திரும்ப அழைக்கவில்லை என்றால், கேப்டனாக ஸ்டோக்ஸும் பயிற்சியாளராக மெக்கல்லமும் பொறுப்புக்கு வந்த பிறகு இங்கிலாந்து ஓப்பனரிடம் கேட்பது வேறு. அந்த வேறு எது என்பதை ராஜ்கோட்டிலேயே பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் இங்கிலாந்து மறுபடி அங்கே டெஸ்ட் ஆடியது. அஸ்வின் 500ஆவது விக்கெட் எடுத்த கையோடு வீட்டு அவசரத்துக்குச் சென்னை போய்த் திரும்பி வந்த ஆட்டம் அது. அதில் இங்கிலாந்தின் ஓப்பனர் 151 பந்தில் 153 அடித்தார். ஸ்வீப், ரிவர்ஸ் ஸ்வீப் என்று சுழலை உட்காரவே விடவில்லை. பெயர் பென் டக்கெட். 2016இல் அதே மைதானத்தில், ஹமீதுக்காகத் தொடக்க இடத்திலிருந்து இறக்கப்பட்ட அதே டக்கெட். கவுண்டியில் இரண்டு பேரும் ஒரே அணி.